வாசலில் குடித்த தண்ணீர்

எங்கள் கல்லூரி விடுதியில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் தலையில் பூ வைக்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. மூத்த வகுப்புப் பெண்கள் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி நின்று தலையைக் குனிய வேண்டும். அவர்கள் சொல்லும்வரை சாப்பாட்டுப் பலகையில் உட்காரக் கூடாது. திட்டினாலும் காதைத் திருகினாலும் "மெர்சி அக்கா" என்று நன்றி சொல்ல வேண்டும். தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் அவர்களே நம் தலையில் பூ வைத்துவிடுவார்கள். அதுவரை வதைத்தவர்கள் அன்றிலிருந்து சொந்த அக்காக்கள். நான் சேர்ந்த அன்றே வார்டன் அம்மா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். "கொஞ்ச நாளைக்குத்தான்மா. எல்லாம் விளையாட்டு. நாங்களும் பட்டதுதான்."

அந்தப் பூவை நான் வைத்துக்கொள்ளவில்லை. அது ஏன் என்று இன்றுவரை யாரும் என்னிடம் முழுதாகக் கேட்டதில்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலைந்து வருடம் ஆகியிருந்த சமயம். விடுதி ஊருக்குள் வாய்க்கால் பக்கம் ஒரு பழைய பிரெஞ்சுக்காரர் வீடு. உயரமான மதில், பச்சைச் சன்னல்கள், பின்கட்டில் குளிக்கத் தண்ணீர் தேக்கும் பெரிய சிமெண்டுத் தொட்டி. தொட்டிக்குள் இறங்கினால் தண்ணீர் மார்பளவு நிற்கும். மேற்கே உள்ள எங்கள் கிராமத்திலிருந்து ஒரு பெண் தனியாகத் தினமும் வந்துபோக முடியாது என்பதால் அப்பா என்னை அங்கே சேர்த்தார்.

அப்பா பஞ்சாலையில் நூற்புப் பகுதியில் வேலை. ஷிப்டுக்கு சைக்கிளில் வருவார். எங்கள் வம்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. அப்பாவுக்குக் கையெழுத்து வராது, ஆனால் சாமியின் மேல் இருப்பதைவிடச் சட்டத்தின் மேல் அதிக நம்பிக்கை. அவர் சின்னவராக ஆலைக்குப் போன காலத்தில் விடிவதற்கு முன் உள்ளே போனால் விளக்கு வைத்த பிறகுதான் வெளியே வருவார்களாம். அப்புறம் போராட்டம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, கூட வேலை செய்தவர்கள் செத்தார்கள், எட்டு மணி நேரச் சட்டம் வந்தது. "இப்ப சங்கு ஊதினா மேஸ்திரி வாயத் தொறக்க முடியாது. அவன் நல்லவனாயிட்டானா? சட்டம் இருக்குது, அதான்" என்பார். சோற்றோடு சேர்த்து இதையும் தின்று வளர்ந்தவள் நான்.

நான் சேர்ந்த அதே நாளில் ஒரு தகரப் பெட்டியோடு வந்தவள்தான் என் அறைத்தோழி. வடக்கு எல்லையில் இருக்கிற கனகசெட்டிக்குளத்து மீனவர் வீட்டுப் பெண். அவளுடைய அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்வாள். அவர்கள் குப்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் பெண் அவள் என்று தெரிந்தபோது, நாங்கள் இரண்டு பேரும் ஒரே தெருவில் பிறந்தவர்கள் போல ஆகிவிட்டோம்.

அவளைக் கல்லூரிக்கு அனுப்புவதை அவள் அப்பா மட்டும் முடிவு செய்ய முடியவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தார் கூடிப் பேசி, ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்கள்.

"எம் பேர்ல ஒரு பேச்சு ஊருக்கு வரக் கூடாது. வந்துச்சுன்னா கூட்டிட்டுப் போயிடுவாங்க. எனக்கப்புறம் எந்தப் பொண்ணையும் அனுப்ப மாட்டாங்க. எந்தங்கச்சி எட்டாவது படிக்கிறாடி, என்னைவிட நல்லா படிக்கிறா."

அவள் குப்பத்துப் பஞ்சாயத்தைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வாள். ஒரு குப்பத்து ஆள் இன்னொரு குப்பத்துக்காரனுக்குத் தீங்கு செய்தால், பாதிக்கப்பட்டவனின் ஊர்ப் பெரியவர்கள் அந்தக் குப்பத்து எல்லையில் போய் உட்காருவார்களாம். சண்டை போட மாட்டார்கள், சத்தம் போட மாட்டார்கள். அந்த ஊர்ப் பெரியவர்கள் எழுந்து வந்து பேசும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். பேசித் தீர்ந்த பிறகுதான் அந்த ஊர்த் தண்ணீரை வாங்கிக் குடிப்பார்கள். குடித்துவிட்டால் வழக்கு முடிந்தது. அதற்குமேல் ஒரு சொல் பேசக் கூடாது.

"ஒரு தடவ வலைய அறுத்துட்டாங்கன்னு எங்கப்பா போயி ஒக்காந்தாரு. மத்தியானம் வரைக்கும் ஒருத்தனும் வரல. நாக்கு ஒட்டிக்கிச்சாம். ஒரு கெழவி மோர் எடுத்துட்டு வந்து கெஞ்சுது, இவரு மூஞ்சத் திருப்பிக்கினாராம்." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

மூத்த பெண்களுக்குத் தலைவி போல ஒருத்தி இருந்தாள். அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் நாங்கள் எங்களுக்குள் அவளைச் 'சைகோன் அக்கா' என்போம். நல்ல குரல், நல்ல நிறம், தேவாலயத்தில் பாடுகிறவள். சாயங்காலம் கல்லூரி விட்டு வந்ததும் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்காருவாள். எங்கள் பேரை அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"ஏ மில்லு, சங்கு ஊது பாப்போம்."

ஊதினேன். ஒரு தடவை ஊதினேன். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவது தடவை கேட்டபோது, "எங்க மில்லுல ஒரு ஷிப்டுக்கு ஒருக்காத்தான் ஊதுவாங்கக்கா" என்றேன். காது திருகப்பட்டது. மெர்சி சொல்லவில்லை. இன்னொரு காதும் திருகப்பட்டது.

"ஏ குப்பம், இன்னிக்கு இன்னா மீனு?"

"உங்க வலைக்கு வராத மீனுக்கா."

இதற்குச் சைகோன் அக்காவே சிரித்துவிட்டாள். என் தோழி இப்படித்தான் எல்லாவற்றையும் தட்டிவிடுவாள். தலையில் கூடை வைத்து நடக்கச் சொன்னார்கள், நடந்தாள். படிக்கட்டைத் தாவணியால் துடைக்கச் சொன்னார்கள், துடைத்தாள். பூ வைக்கிற நாளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் முற்றத்துப் பெஞ்சில் ஒரு திண்டைப் படுக்கவைத்து, மேலே வெள்ளைத் துண்டு போர்த்தியிருந்தார்கள்.

"குப்பம், இங்க வா. இதான் உங்கப்பன். செத்துட்டான். ஒப்பாரி வை."

அவள் திண்டைப் பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

"வேற எதுன்னாலும் செய்யறேன்க்கா."

"இதான் வேணும். உங்க ஊர்ல நல்லா வைப்பீங்களாமே."

"அப்பா கடலுக்குப் போயிருக்காருக்கா. மரம் கடல்ல இருக்கிறப்ப எங்க வூட்டுல அழுவக்கூட மாட்டாங்க."

"பாத்தியா, பொருத்தமா இருக்குது" என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் வாயைத் திறக்கவில்லை. கன்னத்தில் அடி விழுந்தது. "மெர்சிக்கா" என்றாள். மறுபடி அடி. மறுபடி மெர்சி. அதற்கும் மசியவில்லை என்றதும் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். ஒப்பாரி வைத்தால் மேலே வரலாம். வைக்கவில்லை என்றால் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை நிற்க வேண்டும்.

அவள் நின்றாள். மறுநாளும் நின்றாள். அதற்கடுத்த நாளும். ஐப்பசி மாதம், வானம் மூடியே கிடந்தது. அவளைக் கைபிடித்துத் தூக்கும்போது விரல்கள் ஊறி வெளுத்திருக்கும். பல்லோடு பல் அடித்துக்கொள்ளும். காதில் சீழ் கட்டி, ஒரு பக்கமாகப் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினாள். தொட்டியைக் கடந்து போகிற பெண்கள், "இன்னும் வாயத் தொறக்கலியா?" என்று கேட்டுக்கொண்டே துணி எடுத்துப் போவார்கள். கடலுக்குப் போன அப்பா திரும்பி வந்து, மறுபடி போய், மறுபடி வந்திருப்பார். இவளுக்கு அது தெரியாது. அதனால் எந்த நாளிலும் பாட முடியாது.

நான் வார்டன் அம்மாவிடம் போனேன்.

"அவ சொல்லி வந்தியா?"

"இல்லம்மா. நானா வந்தேன்."

"பாதிக்கப்பட்டவளே வாயத் தொறக்கல. உனக்கு என்ன? சரி, அவ அப்பாவ வரச் சொல்லு. அவர் எழுதிக் குடுத்தா நான் விசாரிக்கிறேன்."

அவள் அப்பாவுக்குத் தெரிந்தால் அவள் படிப்பு போய்விடும் என்று சொன்னேன். "அப்ப விடு. விளையாட்டுதானே" என்றார். கல்லூரி முதல்வரும் இதையேதான் சொன்னார், இன்னும் மரியாதையான தமிழில்.

சனிக்கிழமை ஆலை வாசலில் போய் நின்றேன். ஷிப்டு முடிந்து பஞ்சுத் தூசியோடு வந்த அப்பா, நான் சொன்னதை முழுதும் கேட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நேராகச் சங்கத்துக்காக வழக்காடுகிற வக்கீல் வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

"முசே, எம் பொண்ணுக்கு ஒரு சட்டம் வேணும்" என்றார், கடையில் சாமான் கேட்பது போல.

வக்கீல் நல்ல மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இங்க இப்பவும் பழைய பிரெஞ்சுச் சட்டம்தான் ஓடுது. இந்தியச் சட்டம் ஒவ்வொன்னா வரும்ங்கறாங்க. வந்தபாடில்ல. ரெண்டுலயும் அடிக்கறதுக்குச் சட்டம் இருக்கு. ரத்தம் காட்டணும், சாட்சி நிக்கணும். தண்ணில நிக்க வச்சதுக்கு? ஒப்பாரி பாடுன்னு சொன்னதுக்கு? புதுசா வந்த பொண்ணுங்கறதுக்காக ஒருத்திய இப்படிச் செய்யறதுக்குன்னு ஒரு வரி எதுலயும் கெடையாது. அப்படியே ஒரு வழி கண்டுபிடிச்சாலும், அவ வயசுக்கு அவ அப்பாதான் வந்து மனு குடுக்கணும்."

எல்லா வழியும் அந்த அப்பாவின் வாசலில்தான் போய் முடிந்தது. அந்த வாசலைத் தொட்டால் அவள் வீட்டுக்குப் போய்விடுவாள்.

என் அப்பா என்னைத் திரும்பக் கூட்டிவந்தார். விடுதி வாசலில் சைக்கிளை நிறுத்தி, "எட்டு மணி நேரச் சட்டத்துக்கு முன்னாடியும் இப்படித்தான் சொன்னாங்க" என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. அந்தச் சட்டம் வருவதற்குள் எத்தனை பேர் செத்தார்கள் என்று அவர்தான் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

நான் வக்கீலிடம் போனேன் என்று தெரிந்ததும் என் தோழி கையெடுத்துக் கும்பிட்டாள். "வேணாண்டி. பூ வைக்கற நாளு வரைக்கும் நின்னுடறேன். தண்ணி எனக்குப் புதுசா?" காய்ச்சலில் அவள் உள்ளங்கை அடுப்பு போலச் சுட்டது.

விடுதிச் சமையல்கட்டுக்கு வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மா ஒருத்தி உண்டு. வழக்கமாகக் காலையில் வருகிறவள், ஒரு நாள் பாக்கி மீனோடு சாயங்காலம் வந்திருக்கிறாள். பின்கட்டுக் கதவு வழியாகத் தொட்டியைப் பார்த்திருக்கிறாள். அவளுக்குக் கனகசெட்டிக்குளத்தில் சொந்தம் இருந்தது. நாங்கள் யாரும் ஊருக்குச் சொல்லவில்லை. செய்தி கடல் வழியாகப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. மாடி வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான், எதிர் மதிலோரம் ஐந்தாறு ஆண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, காலில் ஒன்றும் இல்லை. கட்டுமரத்தில் வந்து வைத்திக்குப்பத்தில் இறங்கி அங்கிருந்து நடந்திருக்கிறார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. விடுதி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் தோழி கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "அய்யோ, அப்பா" என்றாள். அப்புறம் அவள் கண் மாறியது.

"இரு, இரு. என்னைக் கூட்டிட்டுப் போக வரலடி. கூட்டிட்டுப் போறதுன்னா அப்பா மட்டும் வந்திருப்பாரு. பஞ்சாயத்தே வந்து ஒக்காந்திருக்குது. நாயம் கேக்க வந்திருக்காங்க! இங்க இருக்கற பெரியவங்க யாராச்சும் எறங்கிப் போயி, தப்புதான், இனிமே நடக்காதுன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். பேச்சு சுத்தமாயிடும். நான் இங்கயே இருக்கலாம்." என் தோளை உலுக்கினாள். "ஓடு. அதுக்குள்ள யாரும் தண்ணி குடுத்துடக் கூடாது. ஓடுடி!"

ஓடினேன். வார்டன் அம்மா கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தார்.

"அம்மா, வாசல்ல அவ ஊர்க்காரங்க வந்திருக்காங்க. நீங்க வந்து ரெண்டு வார்த்த பேசணும்."

"பாத்தேன். யாரோ மீன்காரங்கன்னு நெனச்சேன். ஞாயித்துக்கெழமை முதல்வர் ஊர்ல இல்லையே. நாளைக்கு வரச் சொல்லு."

"நாளைக்கு ஆகாதும்மா. நீங்க வந்தாப் போதும். அஞ்சு நிமிஷம்."

"தலை ஈரத்தோடயா? வெயில்ல ஒக்காந்திருக்காங்கன்னு எனக்கும் பாவமாத்தான் இருந்துது. தண்ணி குடுக்கச் சொல்லி அனுப்பிட்டேன்."

"தண்ணி வேணாம்மா! தண்ணி குடுக்கக் கூடாது!"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தாகத்துக்குத் தண்ணி குடுக்காதேங்கறியா? என்ன வளர்ப்பு இது?"

திரும்பி ஓடினேன். படியில் நான் இறங்கிய வேகத்தில் முழங்கால் உரிந்தது. வாசலைத் தாண்டி வெளியே வந்தபோது சைகோன் அக்கா செம்பும் தம்ளருமாக அவர்கள் முன்னால் குனிந்து நின்றிருந்தாள். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டும் தம்ளரை வாங்கி அண்ணாந்திருந்தார். என் தோழியின் அதே நெற்றி.

"குடிங்கப்பா, இன்னும் ஊத்தட்டா?" என்றாள் சைகோன் அக்கா. அவள் நடிக்கவில்லை. அந்தக் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. அதை இன்றுவரை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"எம் பொண்ணு கூடப் படிக்கறியாம்மா?"

"ஆமாம்பா."

"அவதான் குடுத்தனுப்பினாளா?"

அவள் ஒன்றும் புரியாமல் சிரித்தாள்.

வரிசையின் முதலில் இருந்த முதியவர் எழுந்து துண்டை உதறினார். "தண்ணி உள்ள போயிடுச்சு. எழுந்திரிங்க."

அப்போதுதான் அந்த அப்பாவுக்கு உறைத்தது. கையிலிருந்த தம்ளரைப் பார்த்தார். "எம் பொண்ணு குடுத்தனுப்புனான்னு நெனச்சேன். எங்க வூட்டுத் தண்ணின்னு நெனச்சேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

நான் அந்த முதியவரின் குறுக்கே போய் நின்றேன். "தாத்தா, இவங்கதான் அவளத் தொட்டில நிக்க வச்சது. இவங்கதான்! உள்ள யாரும் வந்து பேசவே இல்ல. இது எப்படி முடிஞ்சதாவும்?"

சைகோன் அக்காவின் முகம் வெளுத்தது. முதியவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீ யாரு பொண்ணும்மா?"

"மில்லுல வேல செய்யறவரு பொண்ணு."

"நல்லாப் பேசற. ஆனா ஒருத்தர் வாசல்ல ஒக்காந்து, அவங்க தண்ணியக் குடிச்சிட்டு, அப்புறமும் வழக்குப் பேசினோம்னா நாளைக்கு எங்க சொல்லுக்கு எந்தக் குப்பத்துல மதிப்பு இருக்கும்? எங்க கட்டுப்பாடு எங்க வயித்தெரிச்சலுக்காக மாறாது." குரல் இறங்கியது. "பொண்ண வரச் சொல்லு. இங்க வுட்டுட்டுப் போவ முடியாது."

அவள் தகரப் பெட்டியோடு வந்தாள். அப்பா பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவள் அழவில்லை. அப்பா அன்றே மறுபடி கடலில் திரும்ப வேண்டும், அதனால் அழ மாட்டாள் என்று எனக்கு மட்டும் தெரியும். காதில் வைத்த பஞ்சு தெரிய, ஆண்களுக்குப் பின்னால் கடற்கரைப் பக்கம் நடந்து போனாள்.

"ஏன் போறா? நான் தண்ணிதானே குடுத்தேன்?" என்று சைகோன் அக்கா என்னிடம் கேட்டாள்.

மறுநாள் முதல்வர் அறையில் நான் நின்றேன். "நேத்து யாரோ வந்தாங்களாமே? அவங்களே பொண்ணக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். புகார் ஒன்னும் இல்லையே?" என்றார். இல்லை. அவருடைய வாசலில் ஒரு வழக்கு வந்தது, நடந்தது, முடிந்தது. அவருக்கு அது தெரியவே தெரியாது.

அந்தக் குப்பத்து மனிதர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த ஊரிலேயே சட்டம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு, தங்களுக்கே வலித்தபோதும் அதை மீறாதவர்கள் அவர்கள்தான். மற்ற எல்லாரிடமும் இருந்தது வெறும் இரக்கம். இரக்கம் தலை உலர்த்திக்கொண்டு செம்பில் தண்ணீர் கொடுத்தனுப்பும். நான் கேட்பது ஒரு சட்டம். புதிதாக வந்தவளை இப்படிச் செய்தால் அது விளையாட்டு அல்ல, குற்றம் என்று எழுதிய ஒரு வரி. அவள் வாய் திறக்காவிட்டாலும், அப்பா வந்து நிற்காவிட்டாலும், பார்த்த யாரும் போய்ச் சொல்லலாம், சொன்னால் விசாரித்தே ஆக வேண்டும் என்று இன்னொரு வரி. அப்படி இருந்திருந்தால் வார்டன் அம்மா ஈரத் தலையோடு இறங்கி வந்திருப்பார். அவர் நல்லவராக மாறியிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

பூ வைக்கிற நாளில் நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். யாரும் வற்புறுத்தவில்லை. இப்போது நான் மூத்த வகுப்பு. என் வரிசை அறைகளில் எந்தப் பெண்ணையும் தலை குனிய நான் விடுவதில்லை. ஆனால் வீட்டின் மறுகோடியில் நாற்காலி போடுகிறார்கள், மெர்சி என்ற சத்தம் கேட்கிறது. போய் நிற்கிறேன். நான் அங்கே நிற்கிற நேரம் மட்டும் நிறுத்துகிறார்கள். இந்தியச் சட்டங்கள் எப்போது வரும், வந்தால் அதில் இது இருக்குமா என்று அந்த வக்கீலை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். உதட்டைப் பிதுக்குகிறார்.

சென்ற விடுமுறையில் கனகசெட்டிக்குளத்துக்குப் போனேன். அவள் கழுத்தில் தாலி ஏறியிருந்தது. ஒரு காது கேட்கவில்லை. நான் எந்தப் பக்கம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று கைகாட்டினாள். தங்கச்சி எட்டாவதோடு நின்றுவிட்டாளாம். வெளியே மணலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண், நான் கொண்டுபோன பையில் புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இருந்தது. அக்காவுக்கென்று எடுத்துப் போனதை எல்லாம் அவளிடமே கொடுத்தேன்.

பஸ் இறங்கி வெகு தூரம் நடந்த களைப்பு. என் தோழி உள்ளே போய்த் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் கையை நீட்டினேன். நீட்டிய கை பாதியில் நின்றது. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"பைத்தியம், இது எங்க வூட்டுத் தண்ணிடி. குடி" என்றாள்.

"தெரியும்" என்றேன். தொண்டை வறண்டிருந்தது. ஆனாலும் முடியவில்லை.

அவள் தம்ளரை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். பழைய விடுதிச் சமையலைப் பற்றியும் பாடங்களைப் பற்றியும் அவள் கேட்க, அந்த நல்ல காதின் பக்கம் சாய்ந்து நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகி எழுந்தபோது தண்ணீர் அப்படியே இருந்தது. அவள் அதைக் கொட்டவில்லை.